பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் யாருக்காக?

சென்ற மாதம் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பீடித் தொழிலாளர் மாதர் கூட்டம். கூலி விஷயம், பி.எப். விஷயம், தரமில்லாத இலையைத் தலையில் கட்டி எடைக்கு எடை பீடி கேட்கும் அநியாயம், எல்லாம் பேசி முடிந்தது. டீயும் வந்துவிட்டது. அப்போது கடைசி வரிசையில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா தலையை நிமிர்த்தினார்.

"ஏம்பா தம்பி, ஊர் நாயம் எல்லாம் பேசறியே. இந்த பேஸ்புக்கு, வாட்சப்பு, இதெல்லாம் நமக்கு நல்லதா கெட்டதா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லு."

கூட்டம் சிரித்தது. இருபது வருஷமாக மேடையேறிப் பேசிப் பழகியவன் நான், வாயடைத்துப் போனேன். அந்த அம்மாவின் இளைய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். மகன் முகத்தை அந்தக் கருவியில்தான் அவர் பார்க்கிறார். பேத்தியின் முகத்தை அந்தக் கருவி மறைத்துக்கொண்டிருப்பதையும் பார்க்கிறார். கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல.

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். அது பதில் ஆகாது. ஒரு வார்த்தையில் முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். நன்மையே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் கடல் கடந்து வேலைக்குப் போன பிள்ளைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றவர்கள் அல்ல. எஸ்.டி.டி. பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பாதிப் பேச்சில் போனை வைத்தவர்களும் அல்ல. இன்று ஞாயிறு இரவானால் மகன் முகத்தைத் தாய் பார்க்கிறாள். "கையில என்னடா கட்டு?" என்று கேட்கிறாள். இது சின்ன விஷயமா?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது என்ன நடந்தது? எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யாருக்குப் பால் வேண்டும் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும்தான் பறந்தன. முன்பின் அறியாத வாலிபர்கள் கூடிச் சோறு கட்டினார்கள். மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் இக்கருவி ஜனங்களின் கையில் ஒரு தமுக்காக வேலை செய்தது.

2020 கடைசியில் டில்லி எல்லையில் விவசாயிகள் குளிரில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். பெரிய டெலிவிஷன்காரர்கள் பலர் அவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். விவசாயிகள் தாங்களே பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து நாட்டோடு நேரடியாகப் பேசினார்கள். ஆனால் டிசம்பர் 20ஆம் தேதி அந்தப் பக்கம் திடீரென்று காணாமல் போயிற்று! நாலாபுறமும் கூச்சல் எழுந்த பிறகு, சில மணி நேரத்தில் திரும்பி வந்தது. கம்பெனி என்ன சமாதானம் சொன்னது? தானாக இயங்கும் இயந்திரம் தவறாகப் பிடித்துவிட்டதாம். இருக்கலாம். ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. ஒலிபெருக்கி நம் கையில். சுவிட்ச் அவன் கையில்.

இனி மறு பக்கம். இதை எழுதக் கை கூசுகிறது. ஏனென்றால் இதில் நானும் இருக்கிறேன்.

2018 ஏப்ரல் கடைசியில் என் போனுக்கு ஒரு குரல் வந்தது. ஆண் குரல், நம் ஜில்லாப் பேச்சு, பதறிய தொனி. வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள், உஷாராக இருங்கள் என்பது சாரம். பேசுகிறவன் யார்? எந்த ஊர்? எந்த வீட்டுப் பிள்ளையைக் காணோம்? எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார்? ஒன்றும் கிடையாது. நான் நம்பவில்லை. நம்பாதவன் என்ன செய்திருக்க வேண்டும்? அதோடு விட்டிருக்க வேண்டும். நான் அதை எங்கள் பகுதிக் குழுக்கள் இரண்டுக்கு அனுப்பி, "இது உண்மையா, விசாரித்துச் சொல்லுங்கள்" என்று கீழே எழுதினேன். குரல் தனிச் செய்தி, என் கேள்வி தனிச் செய்தி. கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். "யூனியன்காரரே அனுப்பியிருக்காரு" என்ற முத்திரையோடு அது போயிற்று. மறுநாள் காலை டீக்கடையில் ஒருவர் அதே குரலை எனக்கே போட்டுக் காட்டி, ஜாக்கிரதை என்றார்!

மே 9ஆம் தேதி சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் போளூர் பக்கம் அத்திமூருக்குக் குலதெய்வம் கும்பிட வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், காரில் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பாட்டிமார் செய்கிற காரியம். அது போதுமானதாக இருந்தது. "பிள்ளை பிடிக்கிறவங்க" என்று கூச்சல் கிளம்பிற்று. கூட்டம் துரத்தியது. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் படுகாயப்பட்டார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டில் இன்னொருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவில் துலே ஜில்லா ரெயின்பாடா கிராமத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிற நாடோடி ஜனங்கள் ஐந்து பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள்.

அடித்தவர்கள் யார்? கூலிக்கு அமர்த்திய அடியாட்களா? இல்லை. உழைத்துச் சாப்பிடுகிற, பெற்ற பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிற சாதாரண ஜனங்கள்! என் குரல் போளூர் வரை போயிற்றா என்று எனக்குத் தெரியாது. போகவில்லை என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது.

பிள்ளை பிடிக்கிறவன் கதை ஒன்றும் புதிதல்ல. ஆற்றில் பாலம் கட்டினால் பலி கொடுக்கப் பிள்ளை பிடிப்பார்கள் என்று என் பாட்டியும் சொல்வாள். ஆனால் அந்தக் காலத்து வதந்தி நடந்து வந்தது. சொல்கிறவன் முகம் எதிரே நின்றது. "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டால் நாலாவது ஆளிடம் கதை கந்தலாகிவிடும். இன்றைய வதந்திக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அனுப்பியவன் மாமன், மச்சான், தோழன். அவன்மேல் வைத்த நம்பிக்கையை ஏறி வருகிற செய்தியும் வாங்கிக்கொள்கிறது. அந்த ஆண்டு நாடு முழுவதும் ஒரு படம் சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றி ஜனங்களுக்கு எச்சரிக்கை சொல்ல எடுத்த படம். கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை எவனோ ஒரு பாதகன் வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பினான்.

கம்பெனி என்ன செய்தது? 2018 ஜூலையில், இத்தனை பிணங்கள் விழுந்து சர்க்காரும் நெருக்கிய பிறகு, இது வேறிடத்திலிருந்து வந்த செய்தி என்று அடையாளம் போட்டது. இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதென்று கட்டுப்பாடு போட்டது. 2019இல் அதை உலகம் முழுவதற்கும் விரித்தது. இதனால் செய்தி அனுப்புவது நூற்றுக்கு 25 குறைந்தது என்று கம்பெனியே சொன்னது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்றது. அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் நூற்றுக்கு 70 குறைந்தது. இதுவும் கம்பெனி சொன்ன கணக்குத்தான். அப்படியானால் மடையை அடைக்கும் பலகை அவர்களிடமே இருந்தது! அடைக்க வெள்ளம் வந்து ஆள் சாகவேண்டியிருந்தது.

ஏன் முன்னமே அடைக்கவில்லை? இங்கேதான் நாம் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

2014இல் பேஸ்புக் கம்பெனி வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. அப்போது வாட்ஸ்அப்பில் வேலை செய்தவர்கள் 55 பேர். ஆலை இல்லை, சுரங்கம் இல்லை, ரயில் இல்லை. பின் எதை வாங்கினார்கள்? அதைப் பயன்படுத்திய 45 கோடி ஜனங்களை வாங்கினார்கள்! நமக்குத் தெரியாமலே நம்மை விற்று, நமக்குத் தெரியாமலே வாங்கிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் அதே பேஸ்புக் நம் நாட்டு ஜியோ கம்பெனியில் 43,574 கோடி ரூபாய் போட்டு நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவு வாங்கியது. தெருமுனை மளிகைக் கடையையும் அதில் பொருள் வாங்குகிறவர்களையும் வாட்ஸ்அப்பில் இணைப்பது அப்போது சொன்ன நோக்கம்.

பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றையும் நடத்தும் மெட்டா கம்பெனியின் 2023ஆம் ஆண்டு வரவு சுமார் 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. நம்மிடம் காலணா வாங்குவதில்லை. இலவசம் என்கிறார்கள். ஆனால் விளம்பரக்காரனிடம் எதைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள்? நம் கண் அந்தத் திரையில் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்பதைக் காட்டித்தான். ஆகவே நம் நிமிஷங்கள் அவர்களுடைய சரக்கு. நிமிஷம் கூடினால் வரவு கூடும். நாம் எதைப் பார்த்தால் நகராமல் நிற்போம் என்று கண்டுபிடிப்பதே அங்கே படித்தவர்களின் பிழைப்பு.

எதைப் பார்த்தால் நிற்போம்? பொன்மொழியைப் பார்த்தா? 2021இல் அந்தக் கம்பெனியின் உள் தஸ்தாவேஜுகள் அம்பலத்துக்கு வந்தன. அங்கே வேலை செய்த பிரான்சஸ் ஹாகன் என்ற அம்மையார் அவற்றை வெளியே கொண்டுவந்து அமெரிக்க செனட்டில் சாட்சியும் சொன்னார். அதில் ஒரு கணக்கு இருந்தது. 2017லிருந்து, ஒரு செய்தியை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று இயந்திரம் முடிவு செய்யும்போது, சாதாரண 'லைக்'குக்கு ஒரு மதிப்பு என்றால் கோப முகம் முதலான முகக்குறிகளுக்கு ஐந்து மதிப்பு! ஒரு செய்தியைப் பார்த்து ஒருவன் கொதித்தால், அது ஐந்து பேருக்குப் பிடித்த மாதிரி. கோப முகம் நிறைய விழுகிற செய்திகளில் பொய்யும் விஷமும் அதிகம் என்று 2019இல் அவர்களுடைய ஆராய்ச்சிக்காரர்களே கண்டுபிடித்தார்கள். 2020 செப்டம்பரில்தான் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். இடைப்பட்ட மூன்று வருஷம் நம் தெருக்களில் எத்தனை அண்டை வீட்டார் ஜென்ம விரோதிகள் ஆனார்கள் என்பதற்கு எந்தத் தஸ்தாவேஜிலும் கணக்கு இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். 2012 ஜனவரியில் ஒரு வாரம், சுமார் 6,89,000 பேருக்குத் தெரியாமல், அவர்களுக்குக் காட்டும் செய்திகளில் சிலருக்குச் சந்தோஷமானவற்றைக் குறைத்தும் சிலருக்கு வருத்தமானவற்றைக் குறைத்தும் பார்த்தார்கள். படிக்கிறவர்களின் மனம் அதற்குத் தக்கபடி சற்றே மாறுகிறது என்று 2014இல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். மாற்றம் மிகச் சிறிதுதான்; அதை ஊதிப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. ஆனால் எலியைக் கூண்டில் அடைத்துச் சோதிக்கிறவன்கூட எலிக்குத் தீனி போடுகிறான்.

பேத்தியின் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தஸ்தாவேஜுகளில் இன்ஸ்டாகிராமைப் பற்றியும் உண்டு. தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை உள்ள வளரும் பெண்களில் மூன்றில் ஒருத்திக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை மேலும் மோசமாக்குகிறது என்று கம்பெனியின் ஆராய்ச்சியே சொன்னது. தனிமை போன்ற வேறு கஷ்டங்களில் அது ஆறுதலாக இருப்பதாகச் சொன்ன பெண்களும் அதே ஆராய்ச்சியில் இருக்கிறார்கள். அதையும் மறைக்கக் கூடாது. ஆஸ்திரேலிய சர்க்கார் 2024இல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் இயற்றியது. தடுக்கும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டாமல் கம்பெனி தலையில் வைத்ததே அதில் கவனிக்க வேண்டிய அம்சம். முழுத் தடை சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டில் ஒரே ஒரு போன் உள்ள பிள்ளைக்கு அதுதான் ஸ்கூல் வாத்தியாரின் பாடமும் கூட.

அப்படியானால் அடியோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவில் சில பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள், பணம் கொடுத்து ஏராளமான பேரை நாலு வாரம் பேஸ்புக்கை விட்டு விலகி இருக்கச் செய்தார்கள். என்ன ஆயிற்று? ஒரு நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருந்த நேரம் கூடியது. மனம் சிறிது தெளிந்தது. எதிர்க்கட்சிக்காரன்மேல் இருந்த காய்ச்சல் சற்று இறங்கியது. ஆனால் நாட்டு நடப்பு அவர்களுக்குக் குறைவாகவே தெரிந்தது! நல்லதும் கெட்டதும் ஒரே மூட்டையில் கட்டிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்க்கவில்லை. இதை நான் பிறகு அந்த மாதர்களிடம் சொன்னபோது ஒரு பெண் உடனே விரலை மடக்கினாள். "ஒரு மணி நேரமா? நூறு பீடி!"

இந்தக் கம்பெனிகளைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு பகுதி ஜனங்களை மறந்துவிடுகிறோம். கொலை, சித்திரவதை, குழந்தைகளுக்குச் செய்யும் கொடுமை போன்ற படங்கள் நம் திரைக்கு வராமல் யார் தடுக்கிறார்கள்? இயந்திரம் மட்டுமல்ல. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு மனிதன் அதை முழுக்கப் பார்த்து, பார்த்து, நீக்குகிறான். ஆப்பிரிக்காவில் கென்யாவின் நைரோபி நகரில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி பேஸ்புக்குக்காக இந்த வேலையைச் செய்தது. அங்கே சிலருக்குக் கூலி மணிக்கு ஒன்றரை டாலர் என்று 2022இல் அம்பலமாயிற்று. பார்த்த காட்சிகள் தூக்கத்தைக் கெடுத்தன, மனத்தைக் குலைத்தன. சங்கம் அமைக்க முயன்றதற்காக வேலையை விட்டுத் துரத்தினார்கள் என்று டேனியல் மோட்டாங் என்ற தொழிலாளி வழக்குத் தொடுத்தார். அமெரிக்காவில் இதே வேலை செய்து மனநோய்க்கு ஆளானவர்களுக்காக 2020இல் 5.2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது பேஸ்புக். 2023 மே தினத்தன்று நைரோபியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கூடி, தங்களுக்கென்று சங்கம் காண்பது என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். பேஸ்புக் நல்லதா கெட்டதா என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்களோ!

கம்பெனியை இவ்வளவு திட்டிவிட்டு நம் பக்கம் பார்க்காமல் போவது நாணயமல்ல. சென்ற வருஷம் ஒரு கிளையில் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். "என்ன தோழர், ஆள் சொல்லலையா?" என்றேன். "குழுவில போட்டாச்சு தோழர். 84 பேர் பாத்திருக்காங்க, நீல டிக் விழுந்திருக்கு" என்று போனை நீட்டினார் கிளைச் செயலாளர். 84 நீல டிக்கும் ஒன்பது நாற்காலியும்! அதே தோழர் முன்பெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை வீடு வீடாகப் போகிறவர். அப்படிப் போகும்போது யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குக் கூலி பாக்கி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இப்போது தெரிவதில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு தோல் தொழிற்சாலையில், வேலைநிறுத்தம் பற்றிக் குழுவில் பேசியதை எவனோ படம் பிடித்து மானேஜருக்கு அனுப்பினான். அரை மணி நேரத்தில் பட்டியல் அவர் மேஜைமேல் இருந்தது. இரண்டு தொழிலாளர்கள் இன்று வரை வேலையில்லாமல் நிற்கிறார்கள். முகம் தெரியாத நூறு பேரை ஒரு குழுவில் சேர்த்துவிட்டு அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்த எங்கள் புத்தியை என்ன சொல்வது!

வெள்ளத்தில் உதவியவர்களும், டில்லி எல்லையில் உட்கார்ந்தவர்களும் கருவியை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினவர்கள். 2018இல் எங்கள் பக்கம் எங்கெங்கே வதந்தி நின்றதோ, அங்கெல்லாம் அதை நிறுத்தியது இன்னொரு வாட்ஸ்அப் செய்தி அல்ல. ஊருக்குள் தமுக்கடித்துச் சொன்னார்கள். போலீஸ் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னது. நாங்களும் நாலு நாள் தெருத்தெருவாகப் போய், வாசலில் நின்று, "அந்தக் குரலை நானும் அனுப்பினேன், தப்பு செய்துவிட்டேன், அது பொய்" என்று சொன்னோம். முதல் வீட்டில் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பத்தாவது வீட்டில் பழகிவிட்டது.

இதையெல்லாம் போன வாரம் அந்த மாதர்களிடம் மறுபடி போய்ச் சொன்னேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். "ஒரு வார்த்தை கேட்டா ஒரு நாள் பேசறியே" என்றார். பிறகு அவர்களே சில ஏற்பாடுகள் செய்துகொண்டார்கள். யாருக்குப் பதறவைக்கிற குரலோ படமோ வந்தாலும், தங்களில் மூன்று பேரிடம் நேரில் காட்டாமல் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. குழுவில் முகம் தெரியாதவர் இருக்கக் கூடாது. பேத்தியிடம் போனைப் பிடுங்குவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் அடுப்படி அலமாரியில். "எல்லார் போனுமா? சிங்கப்பூர்ல இருந்து கூப்பிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஞாயித்துக்கிழமை விதிவிலக்கு" என்றார் பெரியம்மா.

அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு குழுவிலும் போயிற்று, வீடு வீடாகவும் போயிற்று. வந்தவர்கள் 34 பேர். எதைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கூப்பிட்டதால் வந்தவர்கள் 27. குழுவில் பார்த்து வந்தவர்கள் ஏழு. அந்த ஏழில் நாலு பேர் இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வராத இளம் பெண்கள்.